அருவியில் குளித்த கணக்கு வகுப்பு

அதிகாலையில் எழுவதைப் பற்றி யாராவது என்னிடம் பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். சண்டை வேண்டாம் என்றுதான். குற்றாலத்து மலையில் விடியும் நேரத்தில் மேகம் இறங்குவதைப் பார்க்க இரண்டு கண் போதாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். மூன்று வருடம் அந்த மலையை நான் கல்லூரி பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் தலை முட்ட முட்ட, வாயைத் திறந்துகொண்டு கடந்திருக்கிறேன். மேகம் இறங்கியதா ஏறியதா என்று எனக்குத் தெரியாது.

என் ஊர் சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி பூத்துவிட்டால் எங்கெங்கிருந்தோ கார் பிடித்து வந்து, வயலுக்குள் இறங்கி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பூ மஞ்சள் நிறம் என்பதை நான் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நினைவுபடுத்திக்கொள்வேன். மற்ற நாட்களில் நான் ரோட்டுக்கு வரும்போது வயலும் இருட்டு, வானமும் இருட்டு. ஊரிலிருந்து கல்லூரிக்கு நேரே போனால் அதிக நேரம் ஆகாது. ஆனால் எங்கள் பஸ் புறப்படும் இடமே எங்கள் ஊர்தான். அங்கிருந்து சாம்பவர் வடகரை, ஆய்க்குடி, இலத்தூர், செங்கோட்டை என்று சுற்றி, ஒவ்வொரு முக்கிலும் ஹாரன் அடித்து, பாதி பின்னிய சடையோடு ஓடி வருகிறவளுக்காகக் காத்திருந்து, கடைசியில்தான் குற்றாலம் ரோட்டில் இருந்த கல்லூரி வாசலில் எங்களைக் கொட்டும். பக்கத்து ஊர்க்காரியான நான்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டும்.

முதல் வகுப்பு ஏழு மணிக்கு.

ஏன் ஏழு மணி? எங்கள் கல்லூரியின் தாளாளர், அதாவது முதலாளி, இதற்கு மேடை ஏறும்போதெல்லாம் ஒரு காரணம் சொல்வார். பிரம்ம முகூர்த்தத்தில் மூளை பூப்போல விரியுமாம். அவர் சின்ன வயதில் நாலு மணிக்கு எழுந்து தெருவிளக்கின் கீழே படித்தாராம். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். உண்மையான காரணம் கல்லூரியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதே வளாகத்தில் அவருக்கு ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. பஸ்கள் முதலில் எங்களை அள்ளிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, மறுபடியும் அதே ஊர்களுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி வரவேண்டும். பால்வாடி வயதுப் பிள்ளைகளை இருட்டில் ஏற்றினால் தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள். எங்களுக்காகச் சண்டைக்கு வர யாரும் இல்லை. இதுதான் பிரம்ம முகூர்த்தம். தெருவிளக்கின் கீழ் படித்தவரோ கல்லூரிக்கு வருவது பதினொரு மணிக்கு, நெற்றியில் திருநீறு காயாமல்.

"சீக்கிரம் படுத்தா சீக்கிரம் எந்திக்கலாம்லா?" என்று கேட்காத ஆள் கிடையாது. அந்த வயதில் படுத்தவுடன் தூக்கம் வராது. பக்கத்து வீட்டு டிவியும் அடங்க வேண்டும், ஆடி மாதம் என்றால் கோயில் ரேடியோவும் அடங்க வேண்டும். அதெல்லாம் அடங்கினாலும் கண் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். காலையில் அம்மா விளக்கைப் போடுகிற நேரத்தில்தான் உடம்பு நிஜமாகவே தூங்க ஆரம்பித்திருக்கும். இதை நான் சோம்பேறித்தனம் என்று ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கணக்கு எனக்கு வரும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் போர்டில் பாதி எழுதும்போதே மீதி எனக்குத் தெரிந்துவிடும். இங்கே பி.எஸ்சி. கணக்கை முடித்துவிட்டுத் திருநெல்வேலியில் எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. அங்கே சேர வேண்டுமென்றால் எந்தத் தாளிலும் அரியர் இருந்திருக்கக் கூடாது, எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும். அப்பா போலீஸில் இருந்தார், வீட்டுக்கு வருவதே எப்போதாவதுதான். வந்தபோது ஒரே வார்த்தையில் சொன்னார்: "ஒத்த அரியர் இல்லாம முடி. திருநெல்வேலில ஹாஸ்டல்ல சேத்து விடுதேன்." அவர் சொன்னால் செய்வார். மீதி என் கையில்தான் இருந்தது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வருடம் ரியல் அனாலிசிஸ் என்று ஒரு தாள் வந்தது. கல்லூரிக் கணக்கில் ஆளைக் கவிழ்ப்பது அதுதான். அதில் விடை கண்டுபிடிக்கிற வேலை கிடையாது. ஏன் அப்படி, எதனால் அப்படி என்று ஒவ்வொரு வரியாக யோசித்துக்கொண்டு போகவேண்டும், ஒரு வரி விட்டுப்போனால் அடுத்த வரி புரியாது. கஷ்டமான பாடத்தை மூளை பளிச்சென்று இருக்கும்போது நடத்த வேண்டும் என்று முடிவுசெய்து, அந்தத் தாளைத் தினமும் முதல் மணியில் போட்டுவிட்டார்கள்.

முதல் மணியில் எங்கள் வகுப்பைப் பார்த்தால் பெற்ற வயிறு எரியும். வெளியே சாரல், உள்ளே ஈரக் குடைகளின் வாடை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்க நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். நோட்டில் முதல் வரி அச்சுப்போல இருக்கும், மூன்றாவது வரி கோணும், அதற்குக் கீழே பேனா தன் இஷ்டத்துக்கு இறங்கிப் போய்ப் பக்கத்தின் ஓரத்தில் நிற்கும். என் பக்கத்தில் உட்காரும் செங்கோட்டைத் தோழி கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தடவிக்கொள்வாள். எரிச்சலில் கண்ணீர் வழியும், அப்படியும் தூங்குவாள். நான் சாய்ந்தால் அவள் கிள்ள வேண்டும், அவள் சாய்ந்தால் நான் கிள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டு பேரும் சேர்ந்து சாய்ந்தால் என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அந்தத் தாளை நடத்திய சாரைக் குறை சொல்ல மாட்டேன். கடையத்திலிருந்து பைக்கில் மழையில் நனைந்து வருவார். சின்ன வயதுக்காரர். போர்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார், திரும்பும்போது கொட்டாவியை விழுங்குவார். அவர் சொல்வது எனக்குக் கேட்கும், ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியும், ஆனால் ஒன்றும் மண்டையில் ஏறாது. ஒரு மாதத்தில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் கெட்டிக்காரி இல்லை, பள்ளிக்கூடத்தில் ஏதோ ஓட்டிவிட்டேன், இதுதான் என் லட்சணம் என்று நம்ப ஆரம்பித்தேன். அந்தக் கல்லூரி எனக்குச் செய்த வேறு எதையாவது மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டேன்.

ஆடியில் ஒருநாள் விடிய விடிய மழை. அருவியில் செம்மண் வெள்ளம், குளிக்கத் தடை. செங்கோட்டை ரோட்டில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. நான் திரும்பப் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினேன். பிறகு பஸ் வந்து, கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஒரு மணிகூட வீணாகக் கூடாது, முதல் மணியிலிருந்து வரிசையாக நடத்தி முடித்துவிட்டுத்தான் பிள்ளைகளை விட வேண்டும் என்று தாளாளர் உத்தரவு போட்டிருந்தார். அப்படியாக, ரியல் அனாலிசிஸ் முதல் தடவையாக உச்சிப்பொழுதில் நடந்தது.

"அவ எப்சிலான்னு ஒரு நம்பர் குடுப்பா," என்று சார் என் தோழியைக் காட்டிச் சொன்னார். "எவ்வளவு சின்னதா வேணாலும் குடுக்கட்டும். அதுக்கு ஏத்தாப்பல டெல்டான்னு இன்னொரு நம்பர நீ எடுத்து நீட்டணும். எப்பக் கேட்டாலும் நீட்ட முடிஞ்சா, அதுதான் தொடர்ச்சி."

இதையே அவர் முன்பு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அது எனக்குள் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு நிற்கவில்லை, அடுத்த கேள்வியையும் இழுத்துக்கொண்டு வந்தது. நான் எழுந்து நின்றேன். "சார், எடத்துக்கு எடம் டெல்டா மாறுமா? இல்ல, ஒரே டெல்டா எல்லா எடத்துக்கும் போதுமா?"

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "இது அடுத்த பாடம்மா! படிச்சிட்டு வந்தியா, நீயாவே கேக்கியா?"

"நானாத்தான் கேக்கேன் சார்."

அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். அந்த மணி முடிந்தும் அவர் போகவில்லை. வழக்கமாகச் சுவரோடு சாய்ந்து தூங்கும் பையன்கள் இரண்டு பேர் அவரோடு வாதம் செய்தார்கள். அதே சார், அதே பாடம், அதே நாங்கள். மாறியிருந்தது கடிகாரம் மட்டும்தான். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. ஒரு மாதமாக நான் மக்கு என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேனே.

மறுநாள் மறுபடியும் ஏழு மணி, மறுபடியும் பேனா பக்கத்தின் ஓரத்துக்கு இறங்கியது. அப்படியே விட்டால் இந்தத் தாள் போய்விடும், திருநெல்வேலியும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. சாரிடம் போனோம். "நான் சொன்னா எடுபடாதும்மா. நீங்க கேளுங்க," என்றார். நானும் தோழியும் அந்த இரண்டு பையன்களும் தாளாளர் அறைக்குப் போனோம்.

"என்னம்மா, படிப்பை விட்டுட்டு இங்கன என்ன சோலி?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், ரியல் அனாலிசிஸை மட்டும் கடைசி மணிக்குத் தள்ளிவிட்டால் போதும், ஏழு மணிக்கு என்ன நடத்தினாலும் எங்களுக்கு ஏறவில்லை என்றேன்.

"ஏழு மணிக்குத் தூக்கம் வருதோ? ஒங்களுக்கெல்லாம் எப்பம்மா விடியும்? நாங்கள்லாம் நாலு மணிக்கு எந்திச்சு..." தெருவிளக்கு வந்தது. அது முடியும்வரை நின்றோம். பிறகு அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். அங்கேதான் எங்களுக்குச் சனி பிடித்தது.

"ஊரு ஒலகத்துல கிறுக்குப் பிடிச்சவன்லாம் தெளியணும்னு இந்தத் தண்ணிக்கு ஓடி வாரான். நீங்க அருவிக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டுத் தூங்குதிய! திங்கக்கெழம மொத்த வகுப்பும் அருவிக்குப் போறிய. குளிச்சிட்டு நேரா கிளாஸு. அப்பறம் எப்படித் தூக்கம் வருதுன்னு நானும் பாக்கேன்." வாசலில் நின்ற பியூனைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, அந்தக் கணக்கு வாத்தியாரக் கூப்புடு. அவரும் போகணும்."

அருவியில் குளித்தால் என்ன வரும் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். முதலில் பசி வரும், பிறகு தூக்கம் வரும். குற்றாலத்து லாட்ஜ்கள் பிழைப்பதே அந்தத் தூக்கத்தை வைத்துத்தான். சீசனில் தாளாளரே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டு, மத்தியானம்வரை உருண்டு கிடப்பார் என்பது ஊர் அறிந்த கதை. ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு அந்தத் தண்ணீர்மேல் ஒரு பைத்தியம். புண்ணுக்கு அருவி, சண்டைக்கு அருவி, பரீட்சையில் தோற்றால் அருவி. புத்தி சொல்லத் தெரியாதவர்கள் எல்லோரும் "போயி ரெண்டு நாளு குளிச்சிட்டு வா" என்றுதான் சொல்வார்கள்.

என் அம்மா மட்டும் என்ன விதிவிலக்கா? "வெறுந்தலையோட அருவிக்குப் போவாகளா?" என்று திங்கட்கிழமை இருட்டோடு எழுப்பி, உச்சியில் நல்லெண்ணெயை வைத்துப் பரபரவென்று தேய்த்துவிட்டாள். இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிக்கொடுத்தாள். வழக்கத்தைவிட முன்னதாக வந்த பஸ்ஸில் ஏறினால், ஒவ்வோர் ஊரிலும் ஏறிய ஒவ்வொருத்தியின் தலையிலும் எண்ணெய் சொட்டுகிறது, ஒவ்வொரு மடியிலும் இட்லிப் பொட்டலம். ஒரு வீட்டில்கூட ஒருத்தர்கூட நின்று யோசிக்கவில்லை. தூக்கத்தை விரட்டப் போகிற பிள்ளைகளை எண்ணெய் தேய்த்து அனுப்பினார்கள்.

அருவியில் பெண்கள் பக்கம் நாங்கள், ஆண்கள் பக்கம் பையன்களும் சாரும். கரையில் ஒரு மேடம் நின்று வருகைப்பதிவு எடுத்தார். தண்ணீர் முதுகில் அறைந்தபோது நான் தாளாளரைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு சங்கதியை மறைக்கக் கூடாது: குளித்து முடித்து வெளியே வந்தபோது உடம்பு பஞ்சாகிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து இட்லியைத் தின்று தீர்த்துவிட்டு வகுப்புக்குள் போனோம்.

சார் போர்டில் "தேற்றம்" என்று எழுதினார். அதற்குப் பிறகு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அவரும் எழுதவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் நான் தூங்கிய அருமையான தூக்கம் அதுதான். ஈரக் கூந்தலை பெஞ்சில் விரித்துப்போட்டு, தோழியின் முதுகில் தலை வைத்து, கனவுகூட இல்லாமல் தூங்கினேன்.

மேசையில் ஓங்கி அறைந்த சத்தத்தில் விழித்தேன். தாளாளர் நின்றிருந்தார். மருந்து வேலை செய்வதைப் பார்க்க அன்று ஒருநாள் அவர் காலையிலேயே எழுந்து வந்துவிட்டார். கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட வீடியோ எடுப்பதற்குப் போனோடு ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தார். அந்த ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் கீழே இறக்கிக்கொண்டார். முழு வகுப்பும் கவிழ்ந்து கிடந்தது. சார் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, கையில் சாக்பீஸோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

தாளாளர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் ஃபீஸ் கட்டுகிறவர்கள். "சம்பளம் வாங்கிக்கிட்டு ஒறங்குதீரோ?" என்று சாரைத்தான் கேட்டார். சார் எழுந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது. நீங்கள் சொல்லித்தானே குளித்தோம் என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் எழுந்து சொன்னேன். "ஒக்காரும்மா," என்றார் தாளாளர், என் பக்கம் திரும்பாமலேயே. மறுநாள் முதல் சார் வரவில்லை.

அதற்குப் பிறகு முதல் மணிக்குக் கொஞ்ச நாள் ஆளே இல்லை. ஆனாலும் ஏழு மணிக்கு வந்து உட்கார வேண்டும். பின்பு கம்ப்யூட்டர் துறையிலிருந்து ஒருவர் வந்து கைடைத் திறந்து வாசித்தார். அவருக்கும் தூக்கம், எங்களுக்கும் தூக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் நானாக உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். கொஞ்சம் நகர்ந்தது. வாரத்துக்கு ஒரு ஞாயிறுதானே வருகிறது.

பல்கலைக்கழகப் பரீட்சை மத்தியானம் வைத்தார்கள். கண் நன்றாகத் திறந்திருந்தது, உள்ளேதான் ஒன்றும் இல்லை. ஒரு கேள்வியை மட்டும் பார்த்தவுடன் கை தானாக எழுத ஆரம்பித்தது. ஒரே டெல்டா எல்லா இடத்துக்கும் போதுமா என்பதுதான் அது, மழை நாளில் நான் கேட்டது. அதை ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினேன். மற்றவற்றை எழுதாமல் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரியர். எனக்கு மட்டுமில்லை, வகுப்பில் பாதிக்குமேல். அப்பா போனில் "சரி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சே எழவில்லை. இவ்வளவு பேர் தோற்றது ஏன் என்று தாளாளரும் கூட்டம் போட்டு ஆராய்ந்தார். பாடம் நடத்த நேரம் போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து முதல் மணி ஆறரைக்கு.

அந்தத் தாளை வீட்டிலிருந்தே, பகலில் உட்கார்ந்து படித்து, நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன். பிறகு எம்.எஸ்சி.யும் தொலைதூரக் கல்வியில் முடித்தேன். இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும். எவனாவது கொட்டாவி விட்டால் போய்ப் படுத்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன். சில பெற்றோருக்கு இது பிடிக்காது. பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

போன சீசனில் ஒருநாள் காலையில் போன் அடித்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எடுத்தால் அந்தக் கல்லூரி அலுவலகம். கணக்குக்கு அவசரமாக ஆள் வேண்டுமாம், யாரோ என் பெயரைச் சொன்னார்களாம். "ஆறரை மணி கிளாஸுக்கு யாரும் நிக்க மாட்டேங்குதாவ மேடம்," என்றார் பேசியவர். "ஒங்களுக்குத்தான் வசதி. பஸ்ஸே ஒங்க ஊர்லருந்துதான் கெளம்புது. ஒரே ஒரு விசயம், அரியர் எதுவும் வச்சது கெடையாதுல்லா? அய்யா அதுல ரொம்பக் கண்டிசன்."

"ஒரு அரியர் உண்டு," என்றேன். "ஒங்க காலேஜுல வாங்குனதுதான்."

"அப்பம் அய்யாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

"இப்பவே கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

"இப்பம் கேக்க முடியாது மேடம்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அய்யா இன்னும் எந்திக்கல."

நான் போனை அணைத்து, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டேன்.